இருநூறு அடி போதும்

டிஸ்க் கால்ஃப் ஆடுகிறவர்கள் நாலு பேர் சேர்ந்த இடத்தில் "எங்க பக்கத்துப் பூங்காவில் ஒரு கோர்ஸ் இருக்கு, சின்னதுதான்" என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த கேள்வி நீளத்தைப் பற்றித்தான் வரும். மொத்தம் எத்தனை அடி, நாலு எறியில் முடிக்கிற பார் 4 ஏதாவது உண்டா, தூரம் எறிவதற்கென்றே செய்த டிரைவர் என்கிற டிஸ்க்கை எடுத்து முழு வீச்சில் எறிகிற மாதிரி ஒரு ஹோலாவது இருக்கிறதா என்று கேட்பார்கள். இல்லை என்றால் "ஓ, பிகினர் கோர்ஸா" என்று பேச்சை முடித்துவிடுவார்கள். எனக்கு இதைக் கேட்டாலே ஆற்றாமையாக இருக்கும். இந்த விளையாட்டின் உயிரே பொதுப் பூங்காவில் இருக்கும் அந்தச் சின்ன கோர்ஸில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன், அதை ஒருமுறை முழுசாக எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு.

தெரியாதவர்களுக்கு முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். கால்ஃப் ஆட்டத்தின் கணக்குதான், பந்துக்கும் மட்டைக்கும் பதிலாகக் கையால் எறிகிற பிளாஸ்டிக் டிஸ்க். தரையில் குழி கிடையாது, ஒரு கம்பத்தில் இடுப்பு உயரத்துக்கு இரும்புக் கூடை, அதற்கு மேலே வட்டமாகத் தொங்கும் சங்கிலிகள். டீ என்கிற இடத்தில் நின்று எறிகிறோம், விழுந்த இடத்துக்குப் போய் அங்கிருந்து மறுபடி எறிகிறோம், டிஸ்க் கூடைக்குள் போய் உட்கார எத்தனை எறி ஆகிறது என்பதுதான் ஸ்கோர். குழி இல்லாவிட்டாலும் ஒரு டீயிலிருந்து அதன் கூடைவரை உள்ளதை ஹோல் என்றுதான் சொல்கிறோம். கூடையிலிருந்து யார் தள்ளி இருக்கிறாரோ அவர் முதலில் எறிவார். குறைந்த எண்ணிக்கையில் முடித்தவருக்கு வெற்றி. இவ்வளவுதான். பத்து மீட்டருக்குள் நின்று எறியும்போது மட்டும் எறிந்த வேகத்தில் முன்னால் போய் விழக்கூடாது, கால் ஊன்றி நிலையாக நின்ற பிறகுதான் கூடையை நோக்கி நகரலாம் என்று ஒரு விதி உண்டு. அந்தப் பத்து மீட்டர் வட்டத்தைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

நான் சென்னையில் இருந்தபோது பெசன்ட் நகர் கடற்கரையில் அல்டிமேட் என்கிற, டிஸ்க்கை வைத்து அணியாக ஆடும் ஆட்டம் ஆடியிருக்கிறேன். 175 கிராம் டிஸ்க், மணலில் ஓட்டம், ஆளுக்கு ஆள் பாஸ். அந்தக் கைப்பழக்கத்தோடு கலிஃபோர்னியா வந்ததால் டிஸ்க் கால்ஃப் எனக்கு முற்றிலும் புதிதில்லை. ஆனால் வேலைக்கு வந்த இடத்திலிருந்து காரில் போகிற தூரத்திலேயே இந்த விளையாட்டு பிறந்த இடம் இருக்கிறது என்பது இங்கே வந்த பிறகுதான் தெரியும். லாஸ் ஏஞ்சலஸுக்கு வடகிழக்கே, பாசடீனாவும் லா கன்யாடாவும் சந்திக்கிற இடத்தில், ஹாஹாமோங்னா பூங்காவில் உள்ள ஓக் க்ரோவ் கோர்ஸ்தான் அது. உலகத்தின் முதல் நிரந்தர டிஸ்க் கால்ஃப் கோர்ஸ், 1975-இல் அமைத்தது. பக்கத்திலேயே நாசாவின் ஜெட் ப்ரொபல்ஷன் லேபரட்டரி, பின்னால் சான் கேப்ரியல் மலை, கீழே அரோயோ செக்கோ ஆற்றுப்படுகை. இந்த இடத்துக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இதன் வரலாறு தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. நாயோடு நடக்க வருகிறார்கள், சிலர் குதிரையில் வருகிறார்கள், சிலர் டிஸ்க் எறிய வருகிறார்கள்.

இதை அமைத்தவர் எட் ஹெட்ரிக். ஃபிரிஸ்பீ தயாரித்த வாம்-ஓ கம்பெனியில் இருந்தவர். இன்று நாம் ஃபிரிஸ்பீ என்று எறிகிறோமே, அதன் மேல்பக்கத்தில் விரலுக்குத் தட்டுப்படும் வளைய வளையமான வரிகள் இருக்கும், அவை காற்றில் டிஸ்க் தள்ளாடாமல் போவதற்காக அவர் சேர்த்தவை. அதற்கான காப்புரிமை 1967-இல் கிடைத்தது. அவருக்கு முன்னாலும் இப்படி ஆடியிருக்கிறார்கள். கனடாவில் பிளாட்வொர்த் என்ற ஊரில் 1926-இலேயே பள்ளிக்கூடத்துப் பையன்கள் தகர மூடிகளை வைத்து இதே மாதிரி ஆடியதாகப் பதிவு இருக்கிறது. மரத்தையும் விளக்குக் கம்பத்தையும் குப்பைத் தொட்டியையும் குறியாக வைத்து அறுபதுகளில் பல ஊர்களில் ஆடினார்கள். ஹெட்ரிக் செய்தது என்னவென்றால், இது ஒரு பூங்காவுக்குள் நிலையாக இருக்க வேண்டிய ஆட்டம் என்று முடிவு செய்தது. ஓக் க்ரோவில் முதலில் வெறும் கம்பங்கள்தான் நட்டார். கம்பத்தில் டிஸ்க் பட்டதா, உரசிக்கொண்டு போனதா என்று வாக்குவாதம் வந்தால் யார் தீர்ப்பு சொல்வது? அந்தச் சண்டை தீர வேண்டும் என்றால் பட்ட டிஸ்க் அங்கேயே நிற்க வேண்டும். அப்படி வந்ததுதான் சங்கிலியும் கூடையும். 1977-இல் அதற்கும் காப்புரிமை வாங்கினார். ஆட்டக்காரர்கள் சங்கமான பிடிஜிஏ-வை 1976-இல் தொடங்கினார், அதன் முதல் உறுப்பினர் எண் அவருடையது. 2002-இல் இறந்தார், அவர் விருப்பப்படியே அவருடைய சாம்பலைக் கலந்து டிஸ்க்குகள் வார்த்தார்கள்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒரே விஷயம்தான். ஹெட்ரிக் கோர்ஸ் போட்டபோது கையில் இருந்தது தடித்த, மழுங்கிய விளிம்பு கொண்ட ஃபிரிஸ்பீ. அதை எறிந்தால் எவ்வளவு தூரம் போகுமோ அதை ஒட்டித்தான் ஹோல்களின் நீளம். சாதாரண ஆள், ஒரு தாத்தாவோ பள்ளிக்கூடத்துப் பெண்ணோ, ரெண்டு மூணு எறியில் கூடையை எட்டிவிட முடிகிற அளவு. 1983-இல் டேவ் டனிபேஸ் என்பவர் விளிம்பைச் சீவிவிட்ட மாதிரி கூராக்கி ஈகிள் என்ற டிஸ்க்கைக் கொண்டுவந்தார், இன்னோவா கம்பெனி அதிலிருந்து வளர்ந்தது. அதற்கப்புறம் எல்லாமே மாறிவிட்டது. கூர் விளிம்பு காற்றைக் கிழித்துக்கொண்டு போகும், தூரம் கூடியது, தூரம் கூடியதும் கோர்ஸ்கள் நீண்டன, நீண்ட கோர்ஸுக்கு இன்னும் வேகமான டிஸ்க் வேண்டியிருந்தது. இன்றைக்கு டிரைவரின் விளிம்பு அகலம் 2.6 செ.மீ. வரை போகலாம் என்று விதியிலேயே வரம்பு வைக்கவேண்டிய நிலை. நெவாடா பாலைவனத்தில் காற்று சாதகமாக இருக்கும்போது டேவிட் விகின்ஸ் என்பவர் 2016-இல் எறிந்த டிஸ்க் 338 மீட்டர் போனது. பார்க்கப் பிரமிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் 338 மீட்டரைத் தாங்குகிற மாதிரி பெரும்பாலான ஊர்களின் நடுவில் பூங்கா கிடையாது. ஊருக்கு வெளியே, காட்டுக்குள், மலைச்சரிவில், கார் இருக்கிறவன் மட்டும் போகிற இடத்துக்கு ஆட்டம் நகர்ந்துவிடும். நகர்ந்துகொண்டும் இருக்கிறது.

சரி, சின்ன ஹோல் என்றால் சுலபமா? எனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். இருநூறு அடிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். டீயிலிருந்து பார்த்தால் கூடை நேராகத் தெரிகிறது, ஆனால் பாதி வழியில் இடது பக்கம் ஒரு வயதான ஓக் மரம், அதன் கீழ்க்கிளை ஒன்று தலைக்கு மேலே கொஞ்சம் உயரத்தில் பாதையின் குறுக்கே நீண்டிருக்கிறது. கூடைக்குப் பின்னால் தரை சரிகிறது. டிரைவரை எடுத்தால் வேலைக்கு ஆகாது, ஏனென்றால் அந்த டிஸ்க் முழு வேகத்தில் எறிந்தால்தான் நேராகப் போகும், மெல்ல எறிந்தால் பாதியிலேயே இடது பக்கம் வெட்டிக்கொண்டு மரத்தின் காலடியில் போய் விழும். ஆகவே பட்டர். கிட்டத்தில் இருந்து கூடைக்குள் போடுவதற்கென்று செய்த, மெதுவாகப் போகிற, விளிம்பு தடித்த டிஸ்க்.

வலது கைக்காரர் பேக்ஹேண்டாக, அதாவது கையை உடம்பின் குறுக்கே கொண்டுபோய் வெளிப்பக்கமாக வீசி, எறிந்தால் டிஸ்க் மேலிருந்து பார்க்கையில் கடிகார முள் சுற்றும் திசையில் சுழலும், கடைசியில் வேகம் குறையும்போது இடது பக்கம் சாயும். இது கையின் தவறில்லை, இயற்பியல். வேகம் குறையக் குறையக் காற்று டிஸ்க்கைத் தூக்குகிற புள்ளி முன்பக்கம் நகர்கிறது, மூக்கை, அதாவது முன் விளிம்பை, மேலே தள்ளப் பார்க்கிறது. சுழல்கிற பொருளைத் தள்ளினால் அது தள்ளிய பக்கம் சாயாது, கால் சுற்று தள்ளிச் சாயும். பம்பரத்தில் நடப்பதும் இதுதான். அதனால் மூக்கைத் தூக்குகிற விசை பக்கவாட்டுச் சாய்வாக மாறிவிடுகிறது. இந்த ஹோலில் அந்தச் சாய்வுதான் எல்லாம். கிளைக்குக் கீழே, தரையிலிருந்து நெஞ்சு உயரத்தில், டிஸ்க்கின் வெளி விளிம்பை ஒரு விரற்கடை தூக்கிப் பிடித்துக்கொண்டு எறிந்தால், கிளையைத் தாண்டும்வரை வலது பக்கம் மெல்ல ஒதுங்கி, அப்புறம் நிமிர்ந்து, கடைசி இருபது முப்பது அடியில் இடது பக்கம் திரும்பிக் கூடையடியில் உட்காரும். ஒரு விரற்கடைக்குப் பதில் இரண்டு ஆகிவிட்டால் வலது பக்கப் புதர். குறைவாகிவிட்டால் கிளை. சரியாகக் கிளம்பிய டிஸ்க் கையை விட்டுப் போகிற நொடியிலேயே தெரிந்துவிடும், நுனிவிரலில் ஒரு சுண்டு சுண்டிக்கொண்டு போகும், தள்ளாட்டமே இருக்காது.

அதோடு முடியவில்லை. கூடைக்குப் பின்னால் சரிவு என்றேனே, அங்கேதான் அந்தப் பத்து மீட்டர் வட்டம் வேலையைக் காட்டும். இருபத்தைந்து அடியிலிருந்து எறிகிறோம், சங்கிலியில் பட்டால் அந்தச் சலசலப்போடு டிஸ்க் கூடையில் விழும், நல்லது. மேலே கொஞ்சம் தப்பினால் அந்தப் பக்கம் போய் விளிம்பில் ஊன்றி உருள ஆரம்பிக்கும். உருளுகிற டிஸ்க்கை நிறுத்த யாராலும் முடியாது, நாற்பது அடி கீழே போய்ப் படுக்கும். பார் 3 ஹோலில் ஐந்து எழுத வேண்டியதுதான். ஆகவே ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வி இருக்கிறது: கூடையையே குறிவைப்பதா, கூடைக்கு முன்னால் பத்திரமாகப் போட்டுவிட்டு அடுத்த எறியில் முடிப்பதா? நானூறு அடி ஹோலில் இந்தக் கேள்வி வருவதற்குள் பாதிப் பேர் தோளை இழந்திருப்பார்கள். சின்ன ஹோலில் முதல் எறியிலிருந்தே இது இருக்கிறது. அதைத்தான் நான் ஆட்டம் என்கிறேன்.

இன்னொரு சாட்சியும் சொல்கிறேன். இந்த விளையாட்டில் உலகமே பார்த்த எறி ஒன்று உண்டென்றால் அது 2021 உலக சாம்பியன்ஷிப்பில், யூட்டா மாநிலம் ஆக்டனில், ஜேம்ஸ் கான்ராட் எறிந்தது. கடைசி நாள், கடைசி ஹோல், பால் மெக்பெத் ஒரு எறி முன்னிலையில் இருக்கிறார், கான்ராட் கூடையிலிருந்து 247 அடி தள்ளி நிற்கிறார், அங்கிருந்து நேராகக் கூடைக்குள் போட்டார். சமநிலையை முறிக்கும் பிளே-ஆஃப் போய் பட்டத்தையும் வென்றார். அவர் கையில் இருந்தது டிரைவர் இல்லை, பட்டர். 247 அடி என்பது உங்கள் பூங்காவில் இருக்கிற ஒரு சாதாரண ஹோலின் நீளம். அந்த எறியை ஆயிரம் பேர் ஆயிரம் விதமாகப் பேசியிருக்கிறார்கள். நான் பார்க்கிற விதம் இது: அந்த தூரத்தை, அந்த டிஸ்க்கை, சின்ன கோர்ஸில் ஆடுகிற யாரும் வாரத்துக்கு வாரம் எறிந்துகொண்டுதான் இருக்கிறோம்.

அப்பா மதுரையிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருந்தார். இங்கே பெற்றோர் வந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். முதல் மாதம் ஊர் சுற்றிக் காட்டுவோம், அப்புறம் நாம் வேலைக்குப் போய்விடுவோம், அவர்கள் வீட்டுக்குள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்பாவுக்கு நடக்கப் பிடிக்கும், ஆனால் சும்மா தெருவைச் சுற்றி வருவதில் அவருக்கு அலுப்பு. ஒரு சனிக்கிழமை காலையில் ஓக் க்ரோவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"இதை எறிஞ்சுட்டு நாமளே போய் எடுக்கணுமா?" என்றார்.

"ஆமாப்பா, அதுதான் ஆட்டம். கையால தள்ளாதீங்க, மணிக்கட்டைச் சுண்டினாப் போதும்."

"கேரம் ஸ்ட்ரைக்கர் மாதிரின்னு சொல்லு. அது எனக்குத் தெரியும்."

உண்மையிலேயே தெரிந்திருந்தது. அவர் எறிவது நூறு அடிகூடப் போகாது, ஆனால் போகிற நூறு அடியும் நேராகப் போகும். நான் ஒரே எறியில் கூடைப்பக்கம் போய்விட்டு, அங்கே கூடைக்குள் போடுகிற எறியைத் தவறவிட்டுத் திணறிக்கொண்டிருக்கும்போது, அவர் பொடிநடையாக வந்து மூன்றாவது எறியில் கூடைக்கு அடியில் போட்டுவிட்டு நிற்பார். முந்நூற்றைம்பது அடி ஹோலில் இது நடக்காது. அங்கே அவர் ஏழு எறி எறிவார், பின்னால் வருகிறவர்கள் காத்திருப்பார்கள், அவருக்குக் கூச்சமாகிவிடும், மறுவாரம் வரமாட்டார். இருநூறு அடியில் அறுபத்தெட்டு வயதுக்காரரும் நானும் சேர்ந்து ஆட முடிகிறது, அதுவும் விட்டுக்கொடுத்து இல்லை, நிஜமாகவே. ஒரு குடும்பத்தில் மூன்று தலைமுறை ஒரே ஆட்டத்தை ஒன்றாக ஆடக்கூடிய விளையாட்டுகள் எத்தனை இருக்கின்றன?

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலான பூங்கா கோர்ஸ்களுக்குக் கட்டணம் கிடையாது. ஒரு டிஸ்க் பத்து டாலரிலிருந்து இருபது டாலருக்குள் கிடைக்கும், ஒரு பட்டர் இருந்தால் வருடக்கணக்கில் ஆடலாம். தொலைந்துபோனாலும் பெரும்பாலும் திரும்பி வரும், ஏனென்றால் டிஸ்க்கின் அடிப்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் பெயரும் போன் நம்பரும் எழுதி வைப்பது இங்கே வழக்கம். புதருக்குள் கண்டெடுத்தவர் மெசேஜ் அனுப்புவார், "நாலாவது கூடைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்" என்று. யாரென்றே தெரியாதவர்கள் இப்படி ஒருவருக்கொருவர் செய்துகொள்வது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

ஒரு குறையும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. மரங்கள். ஓக் க்ரோவில் இருக்கிற கோஸ்ட் லைவ் ஓக் மரத்தின் இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள், சின்னதாக, விறைப்பாக, குழிந்து, ஓரமெல்லாம் முள்ளாக இருக்கும், கோடையில் தண்ணீரே இல்லாமல் தாங்குவதற்கான இலை. அந்த மரம் வறட்சியைத் தாங்கும், ஆனால் வேரின் மேல் ஓயாமல் மிதிப்பதைத் தாங்காது. டீக்கு முன்னாலும் கூடையைச் சுற்றியும் மண் இறுகிப் புல்லே இல்லாமல் சிமென்ட் மாதிரி ஆகிவிடுகிறது, மழைத் தண்ணீர் உள்ளே இறங்காது. டீயைப் பார்த்த பக்கம் பட்டை உரிந்து தழும்பேறிய மரங்களை எந்தக் கோர்ஸிலும் பார்க்கலாம். இதற்குச் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது: மரச்சீவல் கொட்டிப் பரப்பலாம், கூடையை அவ்வப்போது இடம் மாற்றி ஒரு பக்கத்துக்கு ஓய்வு கொடுக்கலாம், அடிமரத்தைச் சுற்றி வேலி போடலாம். தன்னார்வலர்கள் பல ஊர்களில் இதைச் செய்கிறார்கள். ஆட்டக்காரர்களும் ஒன்று செய்யலாம். வேகமான டிரைவரின் கூர் விளிம்பு பட்டையில் பதிகிற மாதிரி பட்டர் பதியாது. இருநூறு அடி ஹோலில் பட்டரைத் தவிர வேறெதையும் எடுக்காதீர்கள் என்று நான் நச்சரிப்பதற்கு இதுவும் காரணம்.

நடக்க வருகிறவர்கள் விஷயமும் அப்படித்தான். பூங்கா நமக்கு மட்டும் எழுதிக்கொடுத்த இடம் இல்லை. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா ஃபேர்வே என்கிற, டீக்கும் கூடைக்கும் இடையிலான பாதையின் நடுவே நின்று போன் பேசினாலும் காத்திருக்கத்தான் வேண்டும், அவருக்கு இது ஃபேர்வே என்று தெரியாது. 175 கிராம் பிளாஸ்டிக் வேகமாக வந்து முகத்தில் பட்டால் பல்லே போய்விடும். குதிரை வந்தால் டிஸ்க்கைக் கீழே இறக்கி, அது கடந்துபோகும்வரை அசையாமல் நிற்க வேண்டும், பறக்கிற எதைக் கண்டாலும் குதிரை மிரளும். "ரெண்டு நிமிஷம்தானே, போகட்டும்" என்று நிற்கத் தெரியாதவர்களால்தான் பூங்கா நிர்வாகத்துக்குப் புகார்கள் போகின்றன, கூடைகளைப் பிடுங்குகிற நிலைமை வருகிறது. சின்ன கோர்ஸில் இந்தப் பொறுமை சுலபம், டீயிலிருந்து பார்த்தால் கூடைவரை முழுவதும் கண்ணுக்குத் தெரிகிறது. வளைவுக்கு அப்பால் யார் நிற்கிறார்கள் என்று தெரியாமல் எறிகிற பேச்சே இல்லை.

அமெரிக்காவிலோ கனடாவிலோ இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு, உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் அனேகமாக ஒன்பது கூடை உள்ள ஒரு கோர்ஸ் இருக்கும், இதுவரை அதைப் பறவைத் தீனித் தொட்டி என்றோ வேறென்னவோ என்றோ நினைத்துக் கடந்துபோயிருப்பீர்கள். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்தால் வெயில் ஏறுவதற்குள் கூட்டிப் போங்கள். கடையில் 150 கிராமை ஒட்டிய பட்டராகக் கேட்டு ஆளுக்கு ஒன்று வாங்குங்கள், கனமான டிஸ்க் பழகாத தோளுக்கு ஆகாது. பலகையில் பார் 3 என்று போட்டிருந்தால் அவர்களுக்கு அதைப் பார் 5 என்று வைத்துக்கொள்ளுங்கள், கணக்கை உண்மையாக எழுதுங்கள். செருப்பு வேண்டாம், ஓக் மரக் கொட்டைகள் காலுக்கடியில் உருளும், ஷூ போடச் சொல்லுங்கள். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், நிறைய கோர்ஸ்களில் குழாய் கிடையாது.